பழமை மீட்டலும் பழுது நீக்கலும்

பழைய பொருளொன்றைப் பழுது பார்ப்பதும் அதனை மீட்டமைப்பதும் ஒன்றெனவே பலரும் கருதுவர். இரண்டுக்கும் வேண்டப்படுவன அதே சாவி, அதே சுத்தியல், அதே மசகெண்ணெய். ஆயினும் இரு தொழிலுக்கும் உரிய நோக்கம் வேறு. பழுது பார்ப்பவர் அப்பொருள் நாளையும் இயங்க வேண்டும் என விரும்புகிறார். மீட்டமைப்பவரோ அது முன்னொரு நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறு மீண்டும் ஆகவேண்டும் என விரும்புகிறார். முன்னவரை வழிநடத்துவது தேவை. பின்னவரை வழிநடத்துவது நினைவு. நினைவு வழிநடத்தும்போது, எந்த நாளின் நினைவு, யாருடைய நினைவு என்னும் வினாக்கள் எழாமற் போவதில்லை. இவை பொறியியல் வினாக்கள் அல்ல, அறவியலுக்கு உரியவை. மலையகத்து வீடொன்றின் பின்புறக் கொட்டகையில் பிரித்துப் போடப்பட்டிருக்கும் பழைய மோட்டார்க் காரை முன்னிறுத்தி அவற்றை ஆராய்வது, ஏட்டில் மட்டும் ஆராய்வதிலும் பயனுடையது.

சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்குச் செல்வோர் பழைய கார்கள் பலவற்றை அங்குக் காண்பர். 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி அப்பருவத்தோடு நெருங்கிய தொடர்புடையது. போட்டி வேகத்துக்கு உரியதாயினும், வீதியோரத்தில் நிற்பவர்களின் கண் வேகத்திற் செல்லாத பழைய கார்களிலேயே நெடுநேரம் தங்குகிறது. மேலைநாடுகளில் இக்கவர்ச்சி பெருந்தொழிலாகவே வளர்ந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவிலே 1964இல் வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. முதலாய 'மசில் கார்'களை வீட்டுக் கராஜில் வைத்துப் பிரித்து, மீண்டும் பூட்டி, முன்னிலும் வலுவுடையனவாக்கி ஓட்டுவது அங்குப் பலரின் ஓய்வுநேர வேட்கை. அந்தக் காரின் இயந்திரம் 325 குதிரைவலு உடையது. இறம்பொடை வளைவுகளில் அத்தகைய வலுவைக் கொண்டு செய்யக்கூடியது அதிகமில்லை; இலங்கையின் பெற்றோல் விலையும் இறக்குமதி வரியும் அதற்கு இடங்கொடுத்ததும் இல்லை. மலையகத்திலே அந்த வேட்கைக்கு உரிய பொருளாக அமைந்தது 37 குதிரைவலு மட்டுமே கொண்ட மொறிஸ் மைனர்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. முதலில் 918 கன சென்ரிமீற்றர் இயந்திரம், 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098. 1956 வரை முன்கண்ணாடி நடுவிலே பிரிந்து இரண்டாயிருந்தது. பின்னர் ஒரே கண்ணாடியாயிற்று. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும் வரை பதினாறு லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அசலைப் பற்றிப் பேசப் புகுவோர் மறக்கலாகாத செய்தி ஒன்றும் அதன் பிறப்பில் உண்டு. மாதிரிக் கார் முற்றுப்பெற்ற நிலையில், அதன் அகலம் போதாது என இசிகோனிசுக்குத் தோன்றியது. அவர் அதனை நீளவாக்கில் இரண்டாக அறுப்பித்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியே பொருத்தமென முடிவு செய்தார். இயந்திர மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். ஆகவே முதல் மைனரே ஒரு திருத்தம்தான். 'அசலுக்குத் திரும்புதல்' என்பவர்கள் எந்த அசலுக்குத் திரும்புகிறார்கள் என்பதை இந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தபின் சொல்வது நல்லது.

மற்றொன்று ஈண்டு இடைப்பிறவரலாகச் சொல்லத்தக்கது. பழைய கட்டிடங்களைப் புதுக்குவதாகச் சொல்லி அவற்றின் வயதையே சுரண்டி எறிவதை எதிர்த்து, பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்தை இங்கிலாந்தில் நிறுவியவர் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ். ஆண்டு 1877. அதே ஆண்டில் அதே பெயருடன் பிறந்த மற்றொருவரே பின்னாளில் மொறிஸ் கார்களை உருவாக்கி நவ்ஃபீல்ட் பிரபுவானவர். இரண்டாம் மொறிசுக்கு மைனரைப் பிடிக்கவேயில்லை. ஓடு நீக்கி அவித்த முட்டைக்கு அதனை ஒப்பிட்டு இகழ்ந்தார். இன்று மைனரை மீட்டமைப்போர் இரண்டாம் மொறிசின் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு முதலாம் மொறிசின் வினாவுக்கு விடை தேடுகிறார்கள்.

அட்டனை அடுத்த தோட்டம் ஒன்றில் ஒருவர் இவ்வேலையில் ஈடுபட்டிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். அவருடைய பாட்டனார் தேயிலைத் தொழிற்சாலையிலே பிற்றராக இருந்தவர். கார் ஒரு காலத்தில் பெரிய துரையினுடையது. பல கைகள் மாறி, உருக்குலைந்த நிலையில் இவரிடம் வந்தது. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டமுமாகும். எனவே துரு அதன் தோற்றத்தை மட்டும் கெடுப்பதில்லை, வலிமையையே தின்கிறது. தென்மேற்குப் பருவ மழையும் மாதக்கணக்கான மூடுபனியும் அட்டன் பக்கத்துத் தகரத்தை என்ன செய்யும் என்பது அங்குள்ள கூரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதவுக்குக் கீழுள்ள விளிம்புகள் உக்கிவிட்டன. தரைத் தகடு பல இடங்களிற் பொத்துவிட்டது. பிரேக்கின் தலைமை உருளை சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே பொருத்தப்பட்டிருப்பதால் சேறும் நீரும் அதனைச் சூழ்ந்து கெடுத்திருக்கின்றன. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்காமல் செய்யக்கூடியது எதுவுமில்லை. வேலை முடியும்போது பாதிக் கார் புதியதாகிவிடும்.

அப்படியாயின் அது அதே காரா? ஏதென்ஸ் நகரத்தார் தீசியசின் கப்பலைப் பேணி, உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்தமையையும், அது அதே கப்பலா என ஞானிகள் வாதிட்டமையையும் புளூட்டாக் எழுதினார். 1655இல் தோமஸ் ஹொப்ஸ் இதனை மேலும் சிக்கலாக்கினார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து அதே ஒழுங்கில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியசின் கப்பல்? இலங்கையில் நன்கறியப்பட்ட மிலிந்த பஞ்ஹ என்னும் பாளி நூலிலே நாகசேனர் கிரேக்க அரசனுக்குத் தேரையே எடுத்துக்காட்டுகிறார். சக்கரம் தேரன்று, அச்சும் நுகமும் தனித்தனியே தேரல்ல, இவை கூடியவிடத்துத் தேர் என்னும் பெயர் வழங்குகிறது, அவ்வளவே என்பது அவர் காட்டும் நெறி. சைவக் கோயில் மரபு இதற்குச் செயல்வழி விடையொன்றை வைத்திருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயத்துக்கு மாற்றி, கட்டிடத்தை இடித்துக் கட்டி, பின்னர்க் குடமுழுக்குச் செய்து மீண்டும் எழுந்தருளச் செய்வர். மரத்தடியில் கல்லாக இருந்த மாரியம்மன் இன்று கோபுரத்தின்கீழ் இருக்கிறாள். அவள் வேறொரு மாரியம்மன் என்று தோட்டத்தில் எவரும் சொல்வதில்லை. தொடர்ச்சியைத் தருவது கல்லன்று, வழிபாடு. மோட்டார்ப் போக்குவரத்து அதிகாரிகளின் விடை இன்னும் எளிது: பதிவுப் புத்தகத்தில் உள்ள அடிச்சட்ட இலக்கம் காரிலும் இருந்தால் அது அதே கார்.

இவ்வினாவில் இதற்குமேல் நிற்பது பயனற்றது. எந்தப் பெயரால் அழைப்பது என்பதைத் தீர்த்துவிட்டாலும் என்ன செய்வது என்பது தீர்வதில்லை. அதுவே கடினமானது.

முதலில் பிரேக்கை எடுத்துக்கொள்ளலாம். மைனரின் நான்கு சக்கரங்களுக்கும் உருளைப் பிரேக்குகளே உள்ளன. சமதரையில் அவை போதும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகப் புசல்லாவைக்கு இறங்கும் பாதை சமதரையன்று. திரும்பத் திரும்ப மிதிக்கும்போது உருளைகள் சூடேறி விரிகின்றன, பிடி தளர்கிறது, மிதி கீழே கீழே போகிறது. வட்டத்தட்டுப் பிரேக்கு வெப்பத்தைக் காற்றிலே விரைவில் விட்டுவிடும். 1971இல் வந்த மொறிஸ் மரீனா, மைனரின் முன்புற அமைப்பையே பெரிதும் பின்பற்றியதாதலால், அதன் பிரேக்கை மைனருக்குப் பொருத்துவது நெடுங்கால வழக்கம். தூய்மைவாதி இதனை ஏற்பதில்லை. 1958இல் இல்லாத பொருள் 1958ஆம் ஆண்டுக் காரில் இருக்கலாகாது என்பது அவர் கொள்கை.

கொள்கை என்ற அளவில் அதில் ஒரு நேர்மை உண்டு. ஆனால் அந்தக் கார் அவருடைய கண்ணாடிப் பேழையுள் ஓடவில்லை. மாலையில் கொழுந்து மடுவத்திலே நிறை போட்டுவிட்டு, பாதையோரத்தை ஒட்டி வரிசையாக நடந்து வரும் பெண்கள் இருக்கும் வீதியில் ஓடுகிறது. நடைபாதை இல்லாத வீதி அது; ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். தன் உயிரைத் தன் இரசனைக்காகப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டென்று வாதிடலாம். பிறர் உயிரைப் பணயம் வைக்க அந்த இரசனை உரிமை தருவதில்லை. கார் சாலைக்கு வருமானால் பிரேக்கு மாறவேண்டும். பிரேக்கு மாறக்கூடாதெனின் கார் சாலைக்கு வரக்கூடாது. இதில் நடுவழி தேடுவது வீண்.

பெற்றோல் பற்றிய செய்தியும் இதனைச் சார்ந்ததே. மைனரின் இயந்திரம் ஈயம் கலந்த பெற்றோலுக்கென ஆக்கப்பட்டது. எரியும்போது விளையும் ஈயச் சேர்மங்கள் வால்வின் இருக்கையில் படிந்து அதனைத் தேயாமற் காத்தன. அதே ஈயம் காற்றிற் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. இலங்கையில் 2002ஆம் ஆண்டு ஈயப் பெற்றோல் கைவிடப்பட்டது. அன்று முதல் பழைய இயந்திரத்துக்குக் கடினமான உருக்கிலே புதிய வால்வு இருக்கைகள் வேண்டியதாயிற்று. அசல் நிலையிலே அசல் எரிபொருளுடன் ஓடவேண்டும் என எந்தத் தூய்மைவாதியும் இப்போது கோருவதில்லை. இந்த ஒரு விட்டுக்கொடுப்பு அவர் கொள்கையின் எல்லையைக் காட்டிவிடுகிறது: பழமை பிறரைக் கொல்லும் இடத்தில் அதனை மாற்ற அவரும் சம்மதிக்கிறார்.

டைனமோவை நீக்கி ஓல்ரனேற்றர் பூட்டுவது இதனினும் இலேசான சங்கதி. மூடுபனியிலே விளக்கு மங்காமல் எரிய வேண்டும் என்பதே அதன் காரணம். மைனரின் மின்னமைப்பிலே நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருப்பதால், முனைகளை முதலில் மாற்ற வேண்டும். அதனை மறந்தோர் புதிய கருவியைப் புகையாக்குவர். ஜப்பானிய இயந்திரத்தைப் புகுத்துவோரும் உளர். அது எவரையும் காப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. ஏற்றத்தில் வானை முந்துவதற்காகவே செய்யப்படுகிறது. அதனைக் குற்றமெனல் மிகை. ஆனால் பிரேக்கை மாற்றியவர் கூறும் நியாயத்தைத் தாமும் கூற அவருக்கு உரிமையில்லை.

புறநானூற்றிலே ஔவையாரின் பாடலொன்று இங்கு நினைக்கத்தக்கது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, ஒளிவிடுகின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன. புகழ்வதுபோல் எது இகழப்படுகிறது, இகழ்வதுபோல் எது புகழப்படுகிறது என்பதைத் தமிழ் மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. மீட்டமைத்த காருக்கு இவ்வளவுகோலைப் பொருத்தினால், துணி போர்த்துப் பூட்டி வைக்கப்பட்ட கார் தோற்றுவிடும். அட்டன் பட்டறையிலே கியர்ப்பெட்டி இறக்கிக் கிடக்கும் கார் வென்றுவிடும். ஆயினும் இவ்வுவமையை முழுதும் நம்பிவிடலாகாது. வேல் முறிவது வீரனின் தேர்வு. மலையகத்துக் கார்கள் பட்டறையிற் கிடந்தது எவருடைய தேர்வாலும் அன்று.

இலங்கையில் பழைய கார்கள் இத்துணைக் காலம் உயிர்வாழ்ந்தமைக்குக் காரணம் பழமைப் பற்று அன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. புதிய கார் இல்லை, உதிரிப்பாகமும் அரிது. இருப்பதை ஓட்டுவதே வழியாயிற்று. கிடைக்காத புஷ்சைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்தார்கள். லொறி வில்லை வெட்டிக் காருக்கு வைத்தார்கள். பழைய ரியூப்பை வெட்டி அடைப்புச் செய்தார்கள். 1977இன் பின் சந்தை திறந்தபோது இக்கைத்திறனுக்கு மதிப்புக் குறைந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025 வரை அந்நிலை நீடித்தபோது பழைய பட்டறைகளை மக்கள் மறுபடி தேடிச் சென்றனர். தேவை வரும்போது போற்றப்பட்டும் தேவை தீர்ந்தபின் மறக்கப்பட்டும் வருவது இத்திறனின் ஊழ் போலும்.

இத்திறன் எல்லை கடந்து சென்ற நிகழ்ச்சியும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைச் சீரமைக்கும் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர், ஒரு காரை எறிந்து இன்னொன்று வாங்குவதிலும் இருப்பதை நெடுநாள் பேணுவதே சிக்கனம் என வாதிட்டு 1982இல் நூலொன்று எழுதினார். 1990களில் இலங்கைப் பங்காளியோடு சேர்ந்து மைனரின் உடற்பாகங்களை இந்நாட்டிலே செய்வித்து ஏற்றுமதி செய்தார். ஒக்ஸ்போர்டை அடுத்த கவுலியில் ஆக்கப்பட்ட காரின் உக்கிய பகுதிக்கு இலங்கைத் தொழிலாளர் அடித்த தகடு பொருந்தியது. அசல் என்பது ஆங்கிலேயரின் கைவேலை என எண்ணிய ஆங்கிலேயர் எத்தனை பேர் இலங்கைக் கைவேலைமீது வர்ணம் பூசி மகிழ்ந்தனரோ!

மீண்டும் அட்டன் கொட்டகைக்கு வரலாம். பிரித்தெடுக்கும்போது இவருக்கு ஒரு பொருள் அகப்படுகிறது. டைனமோவைத் தாங்கும் கொளுவி தொழிற்சாலையில் வார்த்ததன்று. கனத்த இரும்புப் பட்டையை வளைத்து, கையால் துளையிட்டு, அரத்தால் ஓரம் தேய்த்துச் செய்தது. தேயிலை உருட்டும் இயந்திரத்தையும் உலர்த்தியையும் பழுது பார்த்த கைகளே துரையின் காரையும் பழுது பார்த்தன என்பதற்கு அது சான்று. ஒருவேளை பாட்டனாரின் கையாக இருக்கலாம். உறுதி சொல்வார் இல்லை. மீட்டமைப்புக் கையேடுகளின் கணக்கில் இது 'தவறான' பாகம். சரியான பாகம் இங்கிலாந்திலே கிடைக்கிறது. வாங்கிப் பொருத்தினால் கார் 1958இல் துரை ஏறி அமர்ந்த நாளுக்குத் திரும்பிவிடும்.

இங்குதான் எந்த நாளின் நினைவு என்னும் வினா உண்மையாகவே எழுகிறது. காரின் வாழ்வில் துரையிடம் இருந்த ஆண்டுகள் சில. பிறரிடம் இருந்த ஆண்டுகள் பல. அது ஓடாமல் நின்று, நின்றபின் மீண்டும் ஓடிய ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு தொழிலாளியின் அறிவு அதனுள் புகுந்திருக்கிறது. அந்த அறிவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. உரிமையாளர் மாறியபோதெல்லாம் பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏறியது. பழுது பார்த்தவரின் பெயருக்கு அதில் நிரல் இல்லை. கொளுவியே அவருடைய ஒரே கையொப்பம். அசலுக்குத் திரும்பும் ஆர்வத்தில் அதனைக் கழற்றி எறிபவர் துருவை நீக்கவில்லை, சாட்சியை நீக்குகிறார்.

இதனை மிகைப்படுத்தல் எனக் கருதுவோருக்கு ஓர் ஆண்டை நினைவூட்டலாம். மைனர் உலகுக்கு அறிமுகமான 1948ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டிலே வாக்குரிமையையும் இழந்தனர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டனர்; எஞ்சிய ஒன்றரை லட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. இக்காலம் முழுவதும் கவுலியிலிருந்து கப்பலில் வந்திறங்கிய கார் கொழும்பிலே கட்டணம் செலுத்திய அன்றே இலங்கையின் பதிவைப் பெற்றது. அட்டனிற் பிறந்து, அந்தக் காரின் கீழ் முதுகு நனையப் படுத்துக் கிடந்து அதனைச் சீர்செய்த மனிதருக்கு அத்தகைய பதிவு இருக்கவில்லை. காரைப் பற்றிய கட்டுரையில் இது ஏன் என்று கேட்கலாம். கார்தான் இதனை நினைவூட்டுகிறது.

இலக்கத் தகடும் நினைவூட்டுகிறது. 1958 தொடக்கம் புதிய வாகனங்களின் தகட்டில் ஆங்கில எழுத்துக்களுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' பொறிக்கப்பட்டது. தமிழர் அதனை எதிர்த்தனர். ஓரிடத்தில் சிங்கள எழுத்தின்மீது தார் பூசப்பட்டது, மறுபுறத்தில் தமிழ் எழுத்துக்கள்மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டு நடுப்பகுதிக்குள் நாடு இனக்கலவரத்தில் எரிந்தது. இன்று பழைய 'ஸ்ரீ' தகடு பழங்கார் விரும்பிகளுக்குப் பெருமைப் பொருள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை நுண்ணிய தூரிகையால் எழுதி மகிழ்கின்றனர். கொட்டகையில் உள்ளவரும் எழுதத்தான் வேண்டும். காரின் சட்டபூர்வ இலக்கம் அது. சிங்கள நண்பர் ஒருவர் வந்து வளைவைச் சரியாக வரைந்து கொடுக்கவும் கூடும். அதில் பிழையொன்றுமில்லை. ஆனால் அதனை வெறும் அழகெனக் காணும் கண் தமக்கு வாய்த்திருக்கிறதா என்பது அவர் ஒருவரே விடை சொல்லக்கூடிய வினா.

மலையகத்தில் மீட்டமைப்பு என்னும் சொல் கார்களோடு நிற்கவில்லை. கந்தப்பளையை அடுத்த ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை, பழைய எந்திரங்கள் சிலவற்றைப் பேணிய வண்ணம் 1996இல் உல்லாச விடுதியாயிற்று. காசல்றி நீர்த்தேக்கத்தை அண்டிய துரைமாரின் பங்களாக்கள் சில, 2005 தொடக்கம் பயணிகள் தங்கும் இல்லங்களாயின. மரத்தளமும் கணப்படுப்பும் அக்காலத்தவை போலவே காக்கப்படுகின்றன. அவை நன்கு செய்யப்பட்ட பணிகள் என்பதை மறுப்பதற்கில்லை. பலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. எனினும் அவற்றுக்குக் கூப்பிடு தூரத்திலே லயங்கள் இருக்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் அதன்முன் ஒடுங்கிய விறாந்தையுமாக, அதே நூற்றாண்டில், அதே தோட்டத்தின் பணத்தில் கட்டப்பட்டவை அவை. லயத்தை அசல் நிலையிற் பேண வேண்டும் என எவரும் வாதிட்டதில்லை. அசல் நிலையிலேயே விட்டுவிட்டனர் என்பது வேறு. பேணுதலும் கைவிடுதலும் சில வேளைகளில் ஒரே தோற்றம் தருகின்றன.

லயத்தில் வாழ்பவர் தம் அறைக்கு முன்னால் தகரம் இறக்கி ஓர் அறை கூட்டுகிறார், சீமெந்துத் தரை போடுகிறார், சன்னல் வைக்கிறார். நிலமோ சுவரோ அவருடையதன்று. காரைப் பிரித்துப் பூட்டுபவரிடம் குறைந்தது பதிவுப் புத்தகம் உண்டு. வீட்டைத் திருத்துபவரிடம் உறுதி இல்லை. தனக்கு உரித்தில்லாத ஒன்றை இவ்வளவு உழைப்புடன் மேம்படுத்துவது எத்தகைய செயல் என்பதை மீட்டமைப்புப் பற்றிய மேலைநாட்டு வாதங்கள் கருதியதில்லை. அவை உரிமையாளரின் கடமையையே பேசுகின்றன.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு, அது அற்பமானதன்று. நாள் முழுதும் தோட்டத்து வேலையோ அலுவலக வேலையோ செய்தவர் மாலையில் ஒரு கார்புரேட்டரைக் கழுவித் துலக்கி மகிழ்கிறார். மகன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். அந்த ஒரு மணி நேரத்தின்மீது பிரசாவுரிமைச் சட்டத்தையும் லயத்தையும் ஏற்றுவது கொடுமையல்லவா? இன்பம் எல்லாவற்றுக்கும் வரலாறு சாட்சி சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. கையால் செய்யும் வேலையின் இன்பம் தன்னளவில் நல்லது. ஏவலின்றித் தன் விருப்பால் வேலை செய்வது, தலைமுறை தலைமுறையாகப் பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடக் கேட்டு வேலைக்குச் சென்ற சமுதாயத்தில் மிக நல்லது. துரை வைத்திருந்த காரை அவருடைய தொழிலாளியின் பேரன் தன் கொட்டகையில் வைத்திருப்பதே ஒரு வரலாற்று மாற்றம். அந்த மாற்றத்தை உணர்ந்தவாறு மகிழ்வது மகிழ்ச்சியைக் குறைப்பதில்லை. அதனை மறைத்து, காரைத் துரையின் நாளுக்கே திருப்பி, அருகில் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் இடறுகிறது.

கொட்டகையில் வேலை முடிவதற்கு இன்னும் மாதங்கள் ஆகும். தரைத் தகடு பற்றவைத்தாயிற்று. முன்சக்கரங்களுக்கு மரீனாவின் பிரேக்கு வந்துவிட்டது; தலைமை உருளையும் புதியது. இயந்திரத் தலை வால்வு இருக்கைக்காகக் கண்டிக்குப் போயிருக்கிறது. விளக்கு மங்குகிறதே என்று மகன் ஓல்ரனேற்றர் கேட்டான். அதைப் பூட்டினால் பழைய கொளுவிக்கு வேலையில்லை. பனிக்காலத்தில் இரவிலே காரை எடுப்பதில்லை என்று சொல்லி இவர் டைனமோவையே வைத்துக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறார். கொளுவியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் பூசி, அது இருந்த இடத்திலேயே மீண்டும் பூட்டியாயிற்று. துளை சற்றே கோணலாக இருப்பதால் ஒரு வளையத்தைக் கூடுதலாக வைக்கவேண்டியிருந்தது. கண்காட்சிக்குக் கொண்டுசென்றால் நடுவர்கள் அதற்குப் புள்ளி குறைப்பார்கள்.